ஈ.பி.எப்.இல் பாதி கிடைக்குமா? மணமுறிவுக்குப் பிறகு மலையகத்தில் எந்தச் சேவை எதற்கு உதவும்

ஹட்டனோ பதுளையோ பண்டாரவளையோ, லேபர் ஒபீஸ் வாசலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "டிவோஸ் முடிஞ்சிருச்சி, அவரு ஈ.பி.எப்.ல பாதி எனக்கு வரும்தானே?" ஈ.பி.எப். என்பது இலங்கையின் ஊழியர் சேமலாப நிதி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தானாக வராது. லேபர் ஒபீஸ் அதைப் பிரித்துத் தராது, மத்திய வங்கியும் தராது, ஓய்வூதியத் திணைக்களமும் தராது. பிரித்துத் தரும் அதிகாரம் இந்த அலுவலகங்களுக்குச் சட்டத்தில் இல்லை. பணம் கேட்க ஒரே இடம் விவாகரத்து வழக்கு நடக்கும் மாவட்ட நீதிமன்றம். கேட்க வேண்டிய நேரம் தீர்ப்பாணைக்கு முன். இந்த வரிசை தெரியாமல் போனதால் கிடைக்கக்கூடியதையும் விட்டவர்கள் நிறையப் பேர். ஆகவே ஒவ்வொரு சேவையும் எதைச் செய்யும், எதைச் செய்யாது, எங்கே காலை வாரும் என்று பார்ப்போம்.

பாதிப் பங்கு என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? ஒன்று, யாழ்ப்பாணத்துத் தேசவழமை. அங்கே கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த தேட்டத்தில் கணவன், மனைவி இருவருக்கும் பாதிப் பாதி என்பது பழைய வழமை. அந்தச் சட்டம் வடக்குத் தமிழருக்கு உரியது, மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. நமக்குப் பொதுச் சட்டம்தான். 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க விவாகமான பெண்கள் ஆதனச் சட்டத்தின்படி அவரவர் சம்பாதித்தது அவரவருக்கு. மற்றது, வெளிநாட்டு உறவினர் சொல்வது. கனடாவின் அரச ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்து வாழ்ந்த காலத்துப் பங்களிப்பைப் பிரிவுக்குப் பின் இருவருக்கும் சமமாகப் பங்கிட வழி இருக்கிறது. இங்கே அப்படி ஒரு விண்ணப்பப் போம் கிடையாது. கண்டிச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடமே விவாகரத்து எடுக்கும் வசதியும் கண்டிச் சிங்களவருக்கு மட்டும்தான்.

இனி, எந்தப் பணம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கணக்குத் தெரியாமல் வழக்கில் தொகை கேட்க முடியாது. நாட்சம்பளம் 1,350 ரூபாய், மாதம் 25 பேர், அதாவது 25 நாள் வேலை, என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 33,750. அதில் தொழிலாளியிடம் பிடிப்பது 8 வீதம், 2,700 ரூபாய். தோட்டம் போடுவது 12 வீதம், 4,050 ரூபாய். இரண்டும் சேர்ந்து மாதம் 6,750 ரூபாய் ஈ.பி.எப்.இற்குப் போக வேண்டும். ஈ.டி.எப். என்னும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி தனி. அது 3 வீதம், 1,012 ரூபாய் 50 சதம். அதைத் தொழிலாளியிடம் பிடிக்கக்கூடாது, முழுதும் தோட்டத்தின் செலவு. மூன்றாவது சேவைக்காலப் பணம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, நாட்கூலியானால் வருடத்துக்கு 14 நாள் சம்பளம், மாதச் சம்பளக்காரருக்கு அரை மாதச் சம்பளம். மேலே சொன்ன நாட்சம்பளத்தில் வருடத்துக்கு 18,900 ரூபாய். 22 வருடம் என்றால் 4,15,800 ரூபாய். வேலையை விட்டு 30 நாளுக்குள் தோட்டம் கொடுக்க வேண்டிய பணம் அது. வழக்குப் பேசும்போது ஈ.பி.எப்.ஐ மட்டும் நினைத்து இந்தத் தொகையை மறந்துவிடுகிறார்கள். லோயரிடம் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மலையகத்தில் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும். கொழுந்து எடுக்கும் பெண்ணுக்குத் தன் பெயரிலேயே ஈ.பி.எப். இருக்கிறது. கணவன் கொழும்பில் கடையில் நிற்பவராக, ஈ.பி.எப். இல்லாதவராக இருக்கலாம். தொகை கேட்கும் உரிமையைச் சட்டம் இரு தரப்புக்கும் கொடுத்திருக்கிறது. ஆகவே பெண்ணின் பணத்தில் பங்கு கேட்டுக் கணவன் தரப்பும் மனுப் போடலாம். பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் ஈ.பி.எப். எடுக்கலாம் என்பதால், பல குடும்பங்களில் முதலில் கைக்கு வருவது பெண்ணின் பணம்தான். மணமுறிவு என்பது ஈ.பி.எப்.ஐ முன்கூட்டி எடுப்பதற்கான காரணமும் அல்ல. கலியாணத்துக்காகப் பெண்கள் வேலையை விட்டு எடுக்கலாம், பிரிவுக்காக எடுக்க முடியாது. 10 வருடப் பங்களிப்பும் குறைந்தது 3 லட்சம் ரூபாய் மீதியும் இருந்தால் 30 வீதம் வரை முற்பணமாகக் கிடைக்கும். ஆனால் அது வீட்டுக்கும் குறிப்பிட்ட வைத்தியச் செலவுக்கும் மட்டும். ஈ.டி.எப். கொஞ்சம் இலகு. வேலையை விட்டால் எந்த வயதிலும் எடுக்கலாம், 5 வருடத்துக்கு ஒரு தடவை.

சேவைகளில் முதலாவது, லேபர் ஒபீஸின் ஈ.பி.எப். கவுண்டர். அங்கே பெறக்கூடிய மிகப் பெறுமதியான வேலை நொமினியை, அதாவது நாம் இறந்தபின் பணம் பெற நியமித்தவரை, மாற்றுவது. செலவு இல்லை, வழக்கு வேண்டாம், கணவனின் அல்லது மனைவியின் சம்மதமும் தேவையில்லை. விவாகரத்து முடியும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில் தோட்ட ஒபீஸில் கிளாக்கர் நீட்டிய ஏ.பி.எச். போமில் யார் பெயர் எழுதினோம் என்பதே பலருக்கு ஞாபகம் இருக்காது. இருபது வருடம் பிரிந்து வாழ்ந்தாலும், அந்தப் போமில் பழைய பெயர் இருந்தால், இறந்தபின் பணம் போவது அந்தப் பெயருக்குத்தான். வீட்டில் பார்த்துக்கொண்ட பிள்ளை கேட்டாலும் கவுண்டரில் இருப்பவர் போமைத்தான் பார்ப்பார். ஆகவே புதிய நியமனத்தைச் சாட்சியின் முன் கையொப்பமிட்டு அல்லது கைநாட்டு வைத்துக் கொடுங்கள். ஒருவருக்கு மேல் நியமித்தால் ஆளுக்கு எத்தனை வீதம் என்று எழுதுங்கள், கூட்டினால் 100 வர வேண்டும். ஒப்படைத்ததற்குத் திகதி முத்திரை குத்திய பிரதி ஒன்றைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள். போம் தோட்ட ஒபீஸ் லாச்சியிலேயே கிடந்துவிட்டால் அது நியமனம் ஆகாது. பெரும்பாலும் பிசகுவது இந்த இடத்தில்தான். இந்தச் சேவைக்கு நாங்கள் முழு மதிப்பெண் கொடுப்போம். ஆனால் மலைக்கு மலை பஸ் ஏறி வந்து ஒரு நாள் பேரை விட்டுக் கொடுக்க வேண்டியிருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வருமுன் பத்திரங்களைச் சரிபார்த்தால் இரண்டாம் தடவை வர வேண்டியிராது.

சரிபார்க்க வேண்டியதில் முதலாவது பெயர். அடையாள அட்டையில் லெட்சுமி, பிறப்புச் சான்றிதழில் இலட்சுமி, தோட்டத்து வேலைநாள் பதிவேடான செக்ரோலில் லட்சுமி என்று இருந்தால் வாசிக்கும் நமக்கு ஒரே ஆள், பைலுக்கு மூன்று ஆள். தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி எழுதியதில் வந்த வினை இது. கலியாணத்துக்குப் பிறகு அடையாள அட்டையில் கணவன் பெயர் சேர்ந்து, ஈ.பி.எப்.இல் அப்பா பெயரின் முதலெழுத்து இருந்தால் இன்னும் சிக்கல். இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். பெயர் திருத்தத்தை நியமன மாற்றத்தோடு ஒன்றாகச் செய்தால் 50 வயதில் பணம் எடுக்கக் கே போம் நிரப்பும்போது அலைய வேண்டாம். அப்போது பணம் வரும் வங்கிக் கணக்கு உங்கள் தனிப் பெயரில் இருக்கட்டும். கணவனோடு சேர்த்துத் திறந்த பழைய கணக்கின் புத்தகத்தை யாரும் கொண்டுபோக வேண்டாம்.

சரிபார்க்க வேண்டியதில் இரண்டாவது, இலக்கம். பே ஸ்லிப்பில் தோட்டத்தின் இலக்கமும் அங்கத்தவர் இலக்கமும் இருக்கும். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கைமாறியபோது வேலைகொள்வோர் மாறினார். அதற்கு முன் வேலைக்கு வந்தவருக்கு அரசு நிறுவனக் காலத்து இலக்கம் ஒன்று, கம்பனி இலக்கம் ஒன்று என இரண்டு இருக்கலாம். தோட்டம் மாறி வேலை செய்தவருக்கு மூன்றுகூட வரும். ஒன்றின் மீதியை மட்டும் பார்த்துவிட்டு இவ்வளவுதான் என்று வழக்கில் ஒப்புக்கொண்டால் மற்றது பேச்சிலேயே வராது. சில தோட்டங்களின் பணம் மத்திய வங்கிக்குப் போகாமல் தோட்டத்துறைக்கென்றே உள்ள தனிச் சேமலாப சங்கங்களுக்குப் போகிறது. அப்படியானால் மத்திய வங்கியின் கணக்குக் கூற்றில் ஒன்றும் காணாது. தோட்ட ஒபீஸில் "பணம் எங்க போகுது?" என்ற ஒரு கேள்வி போதும்.

மூன்றாவது, கடன். ஈ.பி.எப். மீதியில் 75 வீதம் வரை பிணையாகக் காட்டி வங்கியில் வீட்டுக் கடன் எடுக்கும் வசதி உண்டு. கடனைக் கட்டாவிட்டால் நிதியிலிருந்தே கழித்துக்கொள்வார்கள். கூற்றில் 12 லட்சம் என்று இருக்கும், உண்மையில் கைக்கு வருவது 4 லட்சமாக இருக்கும். எதிர்த்தரப்பின் மீதியைக் கேட்கும்போது கடன் பிணை இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்பது அவசியம். தோட்டம் பணம் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பதும் உண்டு. அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும். அதைத் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

ஆனால் எதிர்த்தரப்பின் மீதியை லேபர் ஒபீஸ் உங்களுக்குச் சொல்லாது. மனைவி என்று சொன்னாலும், தீர்ப்பாணையைக் காட்டினாலும் சொல்லாது. இதைக் குறையாக நாங்கள் எழுதவில்லை, உங்கள் மீதியையும் அவருக்குச் சொல்லமாட்டார்கள். வழி, வழக்கின் சாட்சிப் பட்டியலில் மத்திய வங்கி ஈ.பி.எப். அத்தியட்சகரைச் சேர்த்து, கணக்குக் கூற்றோடு வரும்படி நீதிமன்ற அழைப்பாணை எடுப்பது. தோட்ட ஒபீஸுக்கும் அப்படியே: சேவைக் காலம், கடைசிச் சம்பளம், செக்ரோல் பிரதி. இதற்கு அவருடைய அங்கத்தவர் இலக்கம் தேவை. வீட்டில் கிடக்கும் ஒரு பழைய பே ஸ்லிப் அந்த நேரத்தில் பொன் பெறும். பிரிந்து வரும்போது உடுப்பை எடுக்கிறோமோ இல்லையோ, அந்தத் துண்டை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீதிமன்றப் பக்கம் வருவோம். குடியியல் நடபடிமுறைக் கோவையின் 615ஆம் பிரிவுதான் சாவி. விவாகரத்துத் தீர்ப்பு வழங்கும்போது, ஒரு தரப்பு மற்றத் தரப்புக்கு மொத்தத் தொகை ஒன்று கொடுக்க வேண்டும், அல்லது மாதாமாதம் கொடுக்க வேண்டும், அல்லது சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடலாம். ஓய்வூதியம், ஈ.பி.எப். எல்லாம் இங்கே "இவ்வளவு கொடுக்க வசதி உள்ளவர்" என்பதற்கான கணக்காகத்தான் நுழைகின்றன. வழக்கு நடக்கும் காலத்துச் செலவுக்கு 614ஆம் பிரிவின் கீழ் மாதப் பணம் கேட்கலாம். இரண்டையும் வழக்குரையிலோ மறுமொழியிலோ கேட்டிருக்க வேண்டும். "எனக்கு எதுவும் வேண்டாம், விட்டா போதும்" என்று சமரசத்தில் ஒப்பமிட்டபின் திரும்பி வந்து கேட்பது மிகக் கடினம். தீர்ப்பாணைகள் இந்தப் பகுதிகளில் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகின்றன. ஒப்பமிடுமுன் வரிக்கு வரி தமிழில் வாசித்துச் சொல்லும்படி லோயரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

தொகையை எப்படி எழுதுவது என்பதில்தான் பல தீர்ப்பாணைகள் பயனற்றுப் போகின்றன. "ஈ.பி.எப்.இல் பாதி" என்று எழுதினால் அதை நிறைவேற்றப் பிடி இல்லை. நிதியில் இருக்கும் வரை அந்தப் பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது. அரச ஓய்வூதியத்தையும் 218ஆம் பிரிவு பறிமுதலிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே ரூபாயில் ஒரு தொகை, அதற்கு ஒரு நாள். உதாரணமாக, "5 லட்சம் ரூபாய், இன்ன திகதிக்குள், அல்லது ஈ.பி.எப். பணம் கைக்குக் கிடைத்து 30 நாளுக்குள், இவற்றில் எது முந்தியதோ அன்று". பணம் வங்கிக் கணக்கில் விழுந்தபின் அது சாதாரணப் பணம், மற்றத் தீர்ப்புக் கடனைப் போலவே அறவிடலாம். காணியை ஈடாகக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. லயம் என்னும் வரிசை வீட்டின் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் மலையகத்தில் பலரிடம் ஈடு வைக்க ஒன்றும் இல்லை. 7 பேர்ச் காணியில் வீடு கிடைத்தவரானால் உறுதி யார் பெயரில் என்று பார்த்து அதைப் பேச்சில் சேர்க்கலாம். ஈடு இல்லாத இடத்தில் மாதத் தொகையே நடைமுறைக்கு ஏற்றது. நிலைமை மாறினால் அந்தக் கட்டளையைக் கூட்டவும் குறைக்கவும் நீதிமன்றத்தை மறுபடி கேட்கலாம்.

லோயருக்குக் கொடுக்கக் கையில் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். கண்டி, நுவரெலியா, பதுளையில் நிலையங்கள் இருக்கின்றன. வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். தோட்டத் தொழிலாளியின் பே ஸ்லிப்பும் கிராம உத்தியோகத்தரின் வருமானக் கடிதமும் கொண்டுபோங்கள். இலவச உதவி என்பதால் அரைகுறையாக இருக்கும் என்ற பயம் தேவையில்லை. தாபரிப்பு, விவாகரத்து வழக்குகள் அவர்களின் அன்றாட வேலை. 615ஐயும் மூன்று பணங்களையும் முதல் நாளே நீங்கள் வாய்விட்டுச் சொன்னால் அந்தச் சேவை இன்னும் நன்றாக அமையும்.

தீர்ப்பு வந்த அன்றே எல்லாம் முடிந்ததாக எண்ணுவதும் தவறு. முதலில் வருவது நைசி என்னும் இடைக்காலத் தீர்ப்பாணை. குறைந்தது 3 மாதம் கழித்து அதை இறுதித் தீர்ப்பாணையாக்க வேண்டும். அதுவரை சட்டத்தின் கண்ணில் இருவரும் கணவன் மனைவிதான். தோட்டத் தலைவர் முன்னால் எழுதிய பிரிவுக் கடதாசி, பொலிஸில் போட்ட என்ட்ரி, மத்தியஸ்த சபையின் சமாதானம், இவை எதுவும் விவாகரத்து ஆகாது. அப்படிப் பிரிந்தவர் மரண சாசனம் எழுதாமல் இறந்தால், 1876ஆம் ஆண்டுச் சட்டப்படி வாழ்க்கைத் துணைக்குச் சொத்தில் பாதி போகும். சேவைக்காலப் பணமும் வாரிசுகளுக்கே போகும் என்பதால் அதிலும் அவர் வந்து நிற்பார்.

தாலி கட்டி, எழுத்து, அதாவது விவாகப் பதிவு, வைக்காமல் வாழ்ந்தவர்களின் நிலை வேறு. வழக்கமுறைக் கலியாணத்தை நீதிமன்றம் ஏற்கலாம், ஆனால் எந்தக் கவுண்டரும் விவாகச் சான்றிதழைத்தான் கேட்கும். பிள்ளைகளுக்கு அந்தத் தடை இல்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, பெற்றோருக்கு எழுத்து நடந்ததா இல்லையா என்பது பிள்ளையின் தாபரிப்புக்குத் தடையல்ல. நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம், சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுக்கும்படி கட்டளை வாங்கலாம். மனைவிக்கான தாபரிப்பு விவாகரத்தோடு நின்றுவிடும். பிள்ளையினுடையது நிற்காது.

அரச உத்தியோகத்தர் குடும்பங்களுக்கு, குறிப்பாக மலையகத்தில் ஆசிரியர் வீடுகளுக்கு, தனியாகச் சொல்ல வேண்டும். ஓய்வூதியம் உத்தியோகத்தரின் பெயரில்தான். அதற்குக் குறைந்தது 10 வருட சேவை வேண்டும். விவாகரத்தான துணைக்கு அதில் நேரடிப் பங்கு இல்லை. டபிள்யூ அன்ட் ஓ.பி. என்று சம்பளத்தில் கழிபடும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்திலும், இறுதித் தீர்ப்பாணைக்குப் பிறகு முன்னாள் துணைக்கு உரித்து இல்லை, பிள்ளைகளுக்கு உண்டு. ஆகவே பேரம் பேசும்போது கணவன் இறந்தபின் கிடைக்கக்கூடிய அந்த ஓய்வூதியத்தையும் இழப்பாகக் கணக்கிட்டு மொத்தத் தொகை கேட்பது நியாயம். இதை எழுப்பாமல் விடும் வழக்குகளைப் பார்த்தால் மனம் கஷ்டப்படுகிறது. உத்தியோகத்தர் பக்கம் செய்ய வேண்டியது, இறுதித் தீர்ப்பாணையின் உறுதிப்படுத்திய பிரதியைச் சுய கோப்புக்குக் கொடுத்து, துணையின் விபரத்தைத் திருத்தி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் கோப்பில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. ஓய்வு பெற்றவரானால் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவு. விபரம் கேட்க ஓய்வூதியத் திணைக்களத்தின் 1970 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள அந்தத் திணைக்களத்துக்கு இரவு ரயில் ஏறுமுன் அதில் ஒரு தடவை பேசிப் பாருங்கள், பல வேலை பிரதேச செயலகத்திலேயே முடியும்.

கடைசியாகப் பிரதிகள். இறுதித் தீர்ப்பாணையில் உறுதிப்படுத்திய பிரதி ஒன்று மட்டும் எடுத்தால் முதல் அலுவலகத்தின் பைலிலேயே அது போய்விடும். நீதிமன்றப் பதிவறையில் ஒரே தடவையில் நான்கு எடுங்கள்: லேபர் ஒபீஸுக்கு ஒன்று, தோட்ட ஒபீஸுக்கோ திணைக்களத்துக்கோ ஒன்று, அடையாள அட்டையில் பெயர் மாற்ற ஒன்று, வீட்டில் வைக்க ஒன்று. வழக்கிலக்கத்தை வேறு தாளிலும் குறித்து வையுங்கள். லயத்தில் கூரை ஒழுகிப் பத்திரம் நனைந்துபோனால், அந்த இலக்கத்தைக் காட்டித்தான் புதிய பிரதி கேட்க வேண்டும்.